ராஜ விசுவாசி மீதான வழக்கு

சிஞ்ஞோரா ஃபெரான்தே வீட்டு நடைவழியில் தொங்கும் ஓவியத்து மனிதருக்குக் குகனேஸ்வரி வைத்திருந்த பெயர் பஞ்சுத்தலை ஐயா. தலையில் வெள்ளைப் பொய்முடி, தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு, கறுப்பு அங்கி, இப்போதுதான் யாரோ அவருடைய காலை மிதித்துவிட்டுப் போனது போன்ற ஒரு பார்வை. இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் இருந்த அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மீது படியும் தூசியைத் தட்டுவது குகனேஸ்வரிதான். "ஒருக்காச் சிரிச்சால் என்ன குறைஞ்சு போவியளோ?" என்று கேட்டபடியே தட்டுவாள். அவர் சிரித்ததில்லை.

அவர் யார் என்று அவள் கேட்டதும் இல்லை. கேட்டது மகள் பிரசாந்தினி. வார நாட்களில் ஓர் உதவி நிலையத்தில் இருந்து சனங்களின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவள், சனிக்கிழமைகளில் தாய்க்குக் கைகொடுக்க வந்து ஜன்னல் துடைப்பாள். அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒருநாள், "இவர் யார்?" என்று கேட்டுவிட்டாள். சிஞ்ஞோரா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்காகவே பல காலம் காத்திருந்தவர் போலிருந்தது.

சிஞ்ஞோராவின் மாமியார் கனடாக்காரி. ஓவியத்து மனிதர் அந்த வழியில் ஏழோ எட்டோ தலைமுறைக்கு முந்திய மூதாதை. பெயர் எலியா தோர்ன்பரி. இங்கிலாந்து ராஜாவின் கையில் அமெரிக்கா இருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். ஊரே ராஜாவுக்கு எதிராகத் துவக்குத் தூக்கியபோது இவர் ராஜாவின் பக்கம் நின்று சண்டை பிடித்தார். ராஜா தோற்றார். ராஜாவுக்கென்ன, கடலுக்கு அப்பால் அரண்மனை அப்படியே இருந்தது. தோர்ன்பரியின் வீட்டையும் வயலையும் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு, அவருடைய கதவில் தாரால் 'துரோகி' என்று எழுதினார்கள். மனைவி பிள்ளைகளோடு கப்பலேறி, வடக்கே உறைபனிக் கரையொன்றில் இறங்கி, முதற் குளிர்காலத்தைக் கூடாரத்துக்குள் கழித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து அந்தக் குடியேற்றத்தின் நீதிபதியானார். அதற்கும் பிறகு அதன் சட்டசபைக்குப் போய் அரசியல்வாதியும் ஆனார்.

"லெயலிஸ்தா," என்றார் சிஞ்ஞோரா பெருமையோடு. ராஜாவுக்கு விசுவாசமாக நின்றவர்களுக்கு அதுதான் பெயராம்.

பிரசாந்தினி துணியைக் கையில் வைத்தபடி கண்ணாடி முன்னால் நின்றாள். கதவில் எழுதிய அந்த ஒற்றைச் சொல் அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய கலியாணத்துக்குக் குறுக்கே கிடந்ததும் அதே சொல்தான்.

அவள் விரும்பிய சாந்தனில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறான், பகிடி தெரிந்தவன், பிரசாந்தினி கதை சொல்லத் தொடங்கினால் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பவன். குறை அவனுடைய தகப்பன் அருளையாவில். அவர் யாழ்ப்பாணத்தில் பொலிஸ்காரராக இருந்தவர். எண்பதுகளில், பொலிசில் இருக்கும் தமிழர் எல்லாரும் வேலையை விட்டுவிட வேண்டுமென்று இயக்கப் பொடியன்கள் சொன்னபோது விடாமல் இருந்தவர். அவர் யாரையாவது காட்டிக்கொடுத்தாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே எல்லாரும் அதில் நிச்சயமாக இருந்தார்கள்.

பலெர்மோவுக்கு வந்த புதிதில் அவரும் பிரசாந்தினியின் தகப்பன் அம்பலவாணரும் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரே அறையில் கிடந்து ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். யாரோ வந்து பழைய கதையை அவிழ்த்துவிட, அம்பலவாணர் அன்றைக்கே உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. சந்தையில் நேருக்கு நேர் வந்தால் இவர் மீனைப் பார்ப்பார், அவர் கத்தரிக்காயைப் பார்ப்பார்.

சாந்தனைப் பற்றி மகள் வாய் திறந்த அன்று அம்பலவாணர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"ஆற்றை மோன் எண்டு சொன்னனீ?"

"அருளையா மாமான்ரை."

"துரோகின்ரை வீட்டோடை எனக்குச் சம்பந்தம் வேண்டாம், பிள்ளை."

சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தொலைக்காட்சியில் செய்தி பார்க்கப் போய்விட்டார். சுவரோடு எப்படி மல்லுக்கட்டுவது?

சுவரில் ஒரு வாசல் இருந்தது. அதைப் பிரசாந்தினி கண்டுபிடித்தது அந்தச் சனிக்கிழமை, பஞ்சுத்தலை ஐயாவுக்கு முன்னால்.

பலெர்மோத் தமிழர்களின் கலைவிழாவில் ஆண்டுதோறும் ஒரு வழக்காடு மன்றம் நடக்கும். பெரும்பாலும் இதிகாசத்து ஆள் ஒருவரையோ, சில வேளை ஒரு வீட்டு விவகாரத்தையோ கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்ட, இன்னொருவர் காப்பாற்ற, கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். நடுவர் எப்போதும் அம்பலவாணர்தான். உணவகமொன்றின் குசினியில் வேலை செய்கிற மனிதர், அந்த ஒரு மாலைக்கு மட்டும் மூக்குக்கண்ணாடியும் பட்டுச் சால்வையுமாக வேறொரு ஆளாகிவிடுவார். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மேடையில் சொன்னதை வீட்டில் மாற்றமாட்டார். ஒருமுறை, 'குசினி யாருக்கு உரியது' என்ற வழக்கில், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஆண்களுடையது என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். மண்டபத்தில் இருந்த மற்ற ஆண்கள் கைதட்டிவிட்டு மறந்துபோனார்கள். அம்பலவாணர் மட்டும் அடுத்த ஞாயிறே கரண்டியை எடுத்தார். இன்றுவரைக்கும் கீழே வைக்கவில்லை.

தோர்ன்பரி துரோகி இல்லை என்று அப்பாவின் வாயால், மைக்கில், ஊர் கேட்கச் சொல்லவைத்துவிட்டால்?

"உனக்கு வக்கீல் மூளையடி," என்றாள் குகனேஸ்வரி, திட்டத்தைக் கேட்டுவிட்டு. "ஆனா கவனம். கொப்பரை விசர் மனிசன் எண்டு நினைச்சிடாதை."

"அப்பாக்கு விளங்காதம்மா. வெள்ளைக்காரன்ரை வழக்கு, அமெரிக்காக் கதை. அவர் சட்டத்தை மட்டும் பாப்பார்."

"ம்," என்றாள் தாய். அந்த 'ம்'மில் நிறைய இருந்தது. பிரசாந்தினிக்கு அதை விசாரிக்க நேரமில்லை.

மண்டபம் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குக்குச் சொந்தம். அதனால் நிகழ்ச்சிகள் எல்லாம் மன்னார் அந்தோனிமுத்துவின் பார்வைக்குப் போய்த்தான் வரும். பக்தியான மனிதர், எல்லாவற்றிலும் அவசரம். லெயலிஸ்தா என்பதற்குத் தமிழ் தேடிய பிரசாந்தினி, அகராதியில் கண்ட 'ராஜ விசுவாசி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"ராஜ விசுவாசி மீதான வழக்கு," என்று அவர் வாய்விட்டு வாசித்தார். முகம் மலர்ந்தது. "விசுவாசியோ? நல்லது பிள்ளை, நல்லது! வருசா வருசம் உந்த இதிகாசச் சண்டையைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. இந்த முறையாவது ஒரு வேதக்காரரை எடுத்தியளே. வேதசாட்சியோ இவர்?"

"இல்லை மாமா, கொல்லேல்லை. வீடு வளவெல்லாம் பறிச்சு ஊரை விட்டுக் கலைச்சவை."

"ராஜாவை மறுதலிக்கச் சொல்லியோ?"

"ஓம், அப்பிடித்தான்."

"இவர் மறுதலிக்கேல்லை?"

"இல்லை."

அந்தோனிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "பாடுகள் பட்டவர்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

அந்த இடத்தில் அவள் அவரைத் திருத்தியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். அவர் அதற்குள் மண்டபச் சாவியை எடுக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, வியா மக்வேதாவில் சாந்தனோடு நடந்துகொண்டிருக்கும்போது, கைத்தொலைபேசியில் விளம்பரம் வந்து விழுந்தது. மேலே கிறிஸ்து ராஜா, தலையில் பொன்முடி, கையில் செங்கோல். கீழே கொட்டை எழுத்தில் 'ராஜ விசுவாசி'. அதற்கும் கீழே சின்னதாக, 'நடுவர்: திரு. அம்பலவாணர்'. பிரசாந்தினி ஒரு செருப்புக் கடையின் கண்ணாடியில் சாய்ந்து நின்று சிரித்தாள். கண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"சிரி, சிரி," என்றான் சாந்தன். "என்ரை அம்மா உதைப் பாத்திட்டா. செபமாலையோடை முதல் ஆளா வந்து நிக்கப்போறா. அப்பாவையும் இழுத்துக்கொண்டு."

சிரிப்பு நின்றது. "மாமா அந்த மண்டபத்துக்கு வாறேல்லையே."

"வாறேல்லைத்தான். ஆனா புனிதர் எண்டால் அம்மா விடமாட்டா. இவர் மாட்டன் எண்டவர். அம்மா நேற்று முழுக்கக் கதைக்காமல் இருந்து சாதிச்சுப் போட்டா."

பிரசாந்தினி யோசித்தாள். இதுவரைக்கும் தோற்றால் அவளுடைய கலியாணம் மட்டும்தான் போகும் என்றிருந்தது. இப்போது அருளையா மாமாவின் காதிலேயே, நூறு பேருக்கு நடுவில், 'துரோகி, குற்றவாளி' என்று விழும். அதன் பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு பூனை கூடப் போய்வர முடியாது.

"விட்டிடுவமோ?" என்றான் சாந்தன் மெல்ல.

"விசரே உனக்கு? அவர் வந்தால் இன்னும் நல்லதுதான். நான் வெல்லுறன்."

அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. வாசித்த கதைகளில் எல்லாம் கற்பனையிலேயே குளிர் தேசத்து நீதிமன்றங்களுக்குள் புகுந்து, மேசையில் ஓங்கித் தட்டி, எத்தனையோ பேரைத் தூக்குக்கயிற்றிலிருந்து இறக்கி எடுத்தவள் அவள்.

விழா மாலையில் மண்டபம் நிறைந்து வழிந்தது. புனிதரின் கதை என்று நம்பி, எந்த ஆண்டும் வராத அன்ரிமார் எல்லாம் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். வெளியே ஸ்கூட்டர்களின் இரைச்சல், உள்ளே ரோல்ஸ் பொரித்த வாசனை. சாந்தன் மடிக்கணினியோடு மேடை ஓரத்தில் இருந்தான். அவனுடைய தாய் கத்தரீனா செபமாலையை விரலில் சுற்றியபடி இரண்டாம் வரிசைக்கு வந்து, பக்கத்துக் கதிரையைக் கணவருக்காகத் தட்டிக் காட்டினாள். அதற்கு அடுத்த கதிரையில் இருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அருளையா அதைப் பார்த்தார். நெடிய மனிதர், பொலிசில் பழகிய நிமிர்வு இன்னும் முதுகில் இருந்தது. "நீ இரு," என்று மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு, பின்னால் கதவோரம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

மேடையில் இருந்த அம்பலவாணர் சால்வையைச் சரிசெய்தார். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

சுவரில் தோர்ன்பரியின் படம் பெரிதாக விழுந்தது. பஞ்சுத்தலையும் தழும்பும் முறைப்புமாக அவர் மண்டபத்தைப் பார்த்தார்.

"இவர் எந்தப் புனிதர்?" என்று கத்தரீனா கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டது.

குற்றம் சாட்ட எழுந்தவன் கிருபன். மக்வேதாப் பக்கம் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன், நாக்கில் பிளேடு வைத்திருப்பவன் என்று பெயர்.

"நடுவர் அவர்களே! எங்கடை அந்தோனிமுத்து அண்ணை இந்த மனிசனை ஒரே கிழமையிலை புனிதராக்கிப் போட்டார். ரோமாபுரியிலை கூட உவ்வளவு கெதியாச் செய்ய ஏலாது!"

மண்டபம் சிரித்தது. அந்தோனிமுத்து எழுந்து, "விசுவாசி எண்டுதானே தந்தவை!" என்றார். அதற்கும் சிரித்தது.

"ராஜ விசுவாசி அண்ணை. ராஜா வேறை ராஜா," என்றான் கிருபன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இவற்றை ஊர்ச் சனம் முழுக்க ஒரு பக்கம் நிண்டது. இவர் மற்றப் பக்கம் போய்ச் சீருடை போட்டவர். சொந்தச் சனத்துக்கு எதிராத் துவக்குத் தூக்கினவர். உப்பிடியான ஆளுக்கு எங்கடை ஆக்கள் என்ன பேர் வைப்பினம்? நான் சொல்லத் தேவையில்லை. உங்கடை வாயிலையே இருக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சில தலைகள் பின்னால் திரும்பின. திரும்பிய தலைகள் எங்கே பார்க்கின்றன என்று பிரசாந்தினி பார்க்காமலே அறிந்துகொண்டாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நடுவர் அவர்களே, முதல்லை ஒரு சொல்லு. இலங்கையிலை நீதிமன்றத்திலை குற்றம் சாட்டப்பட்ட ஆளை என்னெண்டு எழுதுறவை? எதிரி. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. விசாரணை தொடங்கேல்லை, சாட்சி வரேல்லை, அதுக்கு முன்னமே எதிரி! கிருபன் அண்ணையும் அந்த வேலையைத்தான் இப்ப செய்தவர். பேரை வைச்சிட்டார். ஆதாரம்?"

"சீருடை காணாதோ?" என்றான் கிருபன்.

"காணாது. இவர் ஆரைக் காட்டிக்குடுத்தவர்? ஒரு பேர் சொல்லுங்கோ."

"அது தெரியாது. ஆனா…"

"தெரியாது எண்டதைப் பதிவு செய்யுங்கோ, நடுவர் அவர்களே."

அவள் தோர்ன்பரியின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினாள். ராஜா தோற்கப்போகிறார் என்று தெரிந்த கடைசி வருடத்தில் அவருடைய தோழர்கள் ஒவ்வொருவராக இரவோடிரவாகப் பக்கம் மாறியதைச் சொன்னாள். மாறியவர்களின் கதவில் ஒன்றும் எழுதப்படவில்லை. மாறாத கதவில்தான் தார். பனிக்கரையில் இறங்கிய கூடாரங்களைச் சொன்னபோது, தாங்களும் ஒரு காலத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகக் கிடந்ததை நினைத்து முன்வரிசை 'ச்சூ' கொட்டியது. அவர் நீதிபதியான பிறகு, பழைய ஊர்க்காரன் ஒருவன் பஞ்சம் பிழைக்க அந்தக் கரைக்கே வந்து சேர்ந்தான். அவனுடைய பசுவை அயலான் பிடித்துக் கட்டிவிட்டான். வழக்கு தோர்ன்பரியிடம் வந்தது.

"வழக்குக் கொண்டு வந்தவனை நீதிபதி கண்டவுடனையே பிடிச்சிட்டார். தன்ரை கதவிலை தாராலை எழுதின அதே ஆள்! நீதிபதி என்ன சொன்னவர் தெரியுமோ? 'பசு இவனுடையது. திருப்பிக் குடுங்கோ. கதவிலை எழுதினது பசு இல்லை.'"

கைதட்டல் மண்டபத்தை அள்ளியது. கத்தரீனா, "புனிதரோ இல்லையோ, நல்ல மனிசன்," என்று செபமாலையை மறுபடி கையில் எடுத்தாள். பிரசாந்தினி உட்காரும்போது வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

கிருபன் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தான். அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"தங்கச்சி வடிவாச் சொன்னவ. ஆனா நீதிபதியோடை கதையை நிப்பாட்டிப் போட்டா. அதுக்குப் பிறகு உவர் அரசியல்வாதியானவரெல்லோ? போன கிழமை சிஞ்ஞோரா ஃபெரான்தே தன்ரை போனைத் திருத்த என்ரை கடைக்கு வந்தவ. நான் கேட்டன், சொன்னவ. சட்டசபையிலை உவர் கொண்டுவந்த முதல் சட்டம் என்ன தெரியுமோ? ராஜாவுக்குச் சத்தியம் செய்யாதவனுக்கு வாக்கில்லை, காணியில்லை! அந்தப் பசுக்காரனுக்கும் இல்லை. பசுவைக் குடுத்தார், அதைக் கட்ட நிலம் குடுக்கேல்லை. தன்னைத் துரோகி எண்டு கலைச்ச ஆக்களைப் போலத்தான் தானும் செய்தவர். நடுவர் அவர்களே, இதுக்கு மேலை நான் என்ன சொல்ல?"

அவன் உட்கார்ந்தான். அந்தச் சட்டத்தைப் பிரசாந்தினியும் அறிந்துதான் இருந்தாள். நீதிபதியோடு கதையை முடித்தால் அழகாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுவரோரம் அருளையாவைக் காணவில்லை.

"எதிர்த் தரப்பு பதில் சொல்லலாம்," என்றார் அம்பலவாணர். மேடைக் குரல்தான். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்படி அவர் செய்து அவள் பார்த்ததில்லை.

எழுந்தாள். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. எழும்போதே பதில் வந்துவிட்டது.

"கிருபன் அண்ணை சொன்னது சரி," என்றாள். "முழுக்கச் சரி. அந்தச் சட்டம் பிழை. அதுக்கு இவரைத் தண்டியுங்கோ, நான் தடுக்கேல்லை."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. சாந்தன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"ஆனா இண்டைக்கு வந்த வழக்கு அது இல்லை. வந்த வழக்கு, துரோகி எண்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. இவர் ஒரு பக்கம் நிண்டவர். நிண்டதுக்காக எல்லாத்தையும் இழந்தவர். அது துரோகம் இல்லை, அது அவற்றை நம்பிக்கை. நீங்கள் அதை விரும்பத் தேவையில்லை. நானும் விரும்பேல்லை. ஆனா பிறகு ஒருநாள் கதவு இவற்றை கைக்கு வந்தது. அண்டைக்கு இவர் என்ன செய்திருக்கோணும்? தன்ரை முகத்திலை அறைஞ்சு சாத்தின கதவை நினைச்சிருக்கோணும். நினைக்கேல்லை. சாத்தினார். நடுவர் அவர்களே, இவற்றை குற்றம் அதுதான். அது தோத்துப்போன ராஜ விசுவாசி செய்த குற்றம் இல்லை. வெண்டு, வசதியா வந்து, கதிரையிலை இருக்கிற ஆள் செய்த குற்றம். அந்தக் குற்றத்தை இஞ்சை, இந்த மண்டபத்திலை, ஆரும் செய்யலாம். கதவு கையிலை இருக்கிற எவரும்."

அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தோர்ன்பரியைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல முறைத்துக்கொண்டிருந்தார்.

அம்பலவாணர் தீர்ப்புக்கு எழும்போது எப்போதும் இரண்டு கவிதை வரியாவது எடுத்துவிடுவார். அன்று ஒன்றும் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே தொடங்கினார்.

"ரெண்டு தரப்பும் திறமாக் கதைச்சவை. தீர்ப்பு ரெண்டு பங்கு. முதலாவது, துரோகி எண்ட குற்றம் ரூபிக்கப்படேல்லை. ஆரைக் காட்டிக்குடுத்தவர் எண்டு கேட்டதுக்கு, தெரியாது எண்டுதான் பதில் வந்தது. தெரியாததை வைச்சுக்கொண்டு ஒரு ஆளுக்குப் பேர் வைக்க ஏலாது. இவர் விடுதலை. இனி ஆரும் அந்தச் சொல்லை இவருக்குப் பாவிக்கக் கூடாது." நிறுத்தினார். மைக் கொஞ்சம் இரைந்தது. "ரெண்டாவது, கதவு சாத்தின குற்றம். அது ரூபிக்கப்பட்டிருக்கு. அதுக்குத் தண்டனை என்னெண்டால், சாத்தினவர் ஆரோ, அவர்தான் எழும்பிப் போய்த் திறக்கோணும். வேறை ஆள் திறக்கக் கூடாது. மன்றம் கலையலாம்."

கைதட்டல் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. கிருபன் வந்து, "தங்கச்சி, வெண்டு போட்டாய்," என்று கைகொடுத்தான். பிரசாந்தினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். வெளியே ஸ்கூட்டர்கள்தான் நின்றன. அருளையா இல்லை. தீர்ப்பைக் கேட்டாரா, கிருபனின் பேச்சோடு போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. சாந்தன் அழைத்தபோது அவர் தொலைபேசியை எடுக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்பலவாணர் மண்டபத்து ரோல்சில் உப்பு கூடிவிட்டதைப் பற்றி மட்டும் பேசினார்.

மறுநாள் ஞாயிறு. பிரசாந்தினி எழும்பி வரும்போது குசினியில் அப்பா. மேசையில் கணவாயும் இறாலும் ஒரு பை கத்தரிக்காயும் பரப்பிக் கிடந்தன. மூன்று பேருக்கு அது மிக அதிகம். குகனேஸ்வரி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"சந்தைக்குப் போனனீங்களோ அப்பா?"

"போனன்."

"ஆரையும் கண்டனீங்களோ?"

அம்பலவாணர் கணவாயை வெட்டினார். "அருளையாவைக் கண்டன். முப்பது வருசமாக் கத்தரிக்காயையே பாத்துக்கொண்டு நிண்ட மனிசன், இப்பவும் முத்தல் காயைத்தான் பொறுக்கிறான். பறிச்சு வைச்சிட்டு நான்தான் எடுத்துக் குடுத்தன்."

பிரசாந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா… தீர்ப்பைக் கேட்டவரோ?"

"ஜன்னலுக்கு வெளியிலை நிண்டு கடைசி மட்டும் கேட்டவனாம். பசுக்கதை நல்லா இருந்ததாம்." அடுப்பைக் கூட்டினார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கு. மனிசியையும் பொடியனையும் கூட்டிக்கொண்டு."

அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அப்பாவின் கையில் கத்தி இருந்தது. அதனால் நின்ற இடத்திலேயே நின்று, "அப்பா, உங்களுக்கு… எப்ப விளங்கினது?" என்று கேட்டாள்.

"எது?"

"வழக்கு."

"விளம்பரம் வந்த அண்டைக்கே விளங்கினது. ராஜ விசுவாசி எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதோ? நான் பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிக்காமலே இஞ்சை வந்தனான் எண்டு நினைச்சியோ?" கத்தியால் அவளைச் சுட்டினார். "நீ மோசமாக் கதைச்சிருந்தால், குற்றவாளி எண்டுதான் சொல்லியிருப்பன். அதையும் மாத்தியிருக்க மாட்டன். அந்தப் பசுவோடை நிப்பாட்டினாய் பார், அப்ப எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. கிருபன் பொடியன் எழும்பினது நல்லதாப் போச்சு."

"நான் சொன்னனான்தானே, கொப்பர் விசர் மனிசன் இல்லை எண்டு," என்றாள் குகனேஸ்வரி கோப்பைக்குள்.

மத்தியானம் கீழே வாசல் மணி அடித்தது. பிரசாந்தினி பாய்ந்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் அப்பாவின் குரல் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"பிள்ளை, நீ இரு."

அம்பலவாணர் அடுப்பைக் குறைத்தார். கையைத் துவாயில் துடைத்தார். கரண்டியை வைக்க மறந்து அதைக் கையில் பிடித்தபடியே நடைவழியில் நடந்து போனார். படியில் காலடிகள் ஏறி வருவது கேட்டது. ஒருவருடைய நடை பாரமாக, நிதானமாக, பழைய பொலிஸ் நடையாக இருந்தது.

அந்த நடை வாசலுக்கு வந்து நின்றதும் அவர் தாழ்ப்பாளை இழுத்தார்.